புளியைக் கீழே வையுங்கள்: மண்ணிலிருந்து வந்த பழம்பொருளுக்கு முதலுதவி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மண்ணுக்குள் மறைந்துபோன கேட் வால்வையும் பழைய இரும்புக் குழாய்த் தடத்தையும் தேடுவதற்காக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். வாங்கிய ஆறே மாதத்தில், சுற்றுவட்டாரத்தில் தொலைந்த நகைக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. களத்தில் கழன்று விழுந்த தோடு, மஞ்சள் காட்டில் களை எடுக்கும்போது போன மோதிரம், கிளுவை வேலி ஓரம் அறுந்த கொலுசு. தேடிப் போனது பாதி நாள் கிடைக்கும். தேடாதது எல்லா நாளும் கிடைக்கும்: மாட்டு லாடம், சோடா மூடி, உடைந்த கொழு. எப்போதாவது ஒருமுறை, பாட்டன் பூட்டனுக்கும் முந்தியவர்கள் விட்டுப்போன ஏதோ ஒன்று.

அப்படி முதலில் வந்த செம்புக்காசை நான்தான் கெடுத்தேன். சுண்டுவிரல் நகம் அளவு, கரும்பச்சை நிறம், ஒரு பக்கம் யானையோ என்னவோ போல ஒரு புடைப்பு. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் கண்ணு" என்றார். அவர் குத்துவிளக்கு தேய்த்த அனுபவத்தில் சொன்னார், தப்பில்லை. கால் மணி நேரம் தேய்த்தேன். பச்சை போனது. அடியில் புதுச் செம்பு போல இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. யானையைக் காணவில்லை. வாஷர் ஒன்று கையில் இருந்தது.

காசு பார்க்கத் தெரிந்த ஒருவர் பிறகு எனக்கு விளங்க வைத்தார். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு முழுவதும் தாதுவாக மாறிவிடும். அச்சில் அடித்த உருவமும் எழுத்தும் அந்தப் பச்சைப் படலத்துக்குள்தான் இருக்கும். அடியிலுள்ள உலோகத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் அழுக்கு என்று நினைத்துக் கழுவியதே காசு. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்.

தோண்டும் முன் ஒரு சொல்

நொய்யல் கரையிலுள்ள பழங்கால ஊரான கொடுமணலில் 1985 தொடங்கிப் பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியர் காசும் கிடைத்திருக்கின்றன. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஆகவே கொங்கு நாட்டில் எந்த மேட்டாங்காட்டிலும் எதுவும் இருக்கலாம். அதற்காகக் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்களுக்குக் கிளம்பிவிட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னமாக இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்காகக்கூட மண்ணைத் தொட முடியாது.

நம் சொந்தத் தோட்டத்தில் தற்செயலாகக் கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று. அந்தக் காலத்து 10 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்த வரம்பு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது. மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, ஆட்சியருக்கு எழுதியும் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். கீழே சொல்லும் முதலுதவி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும்வரை பொருள் கெடாமல் இருப்பதற்குத்தான்.

அறிகுறி: தோண்டத் தோண்டச் சத்தம் கூடுகிறது, குழி ஓரத்தில் பானை விளிம்பு தெரிகிறது

நிறுத்துங்கள். மண்வெட்டியைக் குழிக்கு வெளியே வையுங்கள். கருவி உலோகத்தை மட்டும்தான் கேட்கும். அந்த உலோகத்தைச் சுற்றியிருக்கும் பானை, எலும்பு, சங்கு, மணி எதுவும் அதன் காதில் விழாது. நாம் சத்தத்தை நோக்கி வெட்டிக்கொண்டு போகும்போது இவை எல்லாம் குறுக்கே கிடக்கின்றன. ஒற்றைக் காசு என்றால் சத்தம் ஓர் இடத்தில் கூர்மையாக வந்து நிற்கும். அகலமாக, எந்தப் பக்கம் ஆட்டினாலும் கத்துகிறதென்றால், அடியில் குவியல் இருக்கலாம். அல்லது இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சிய கசடு, இருக்கலாம். நொய்யல் ஓரக் காடுகளில் பழைய இரும்பு உருக்கிய கிட்டம் ஏராளம். அது என்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. எதுவாக இருந்தாலும் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்.

பானை விளிம்பு தெரிந்த நிலையிலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அளவு பார்க்க உதவும். தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், எந்த வரப்பிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். வெட்டிய மண்ணையே மெதுவாக மேலே போட்டு மூடி, ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். பானைக்குள் என்ன வரிசையில் எது கிடக்கிறது, அடியில் துணி இருக்கிறதா, தானியம் இருக்கிறதா என்பதெல்லாம் பானையைத் தட்டிக் கொட்டிய அந்த நொடியில் அழிந்துபோகும். கொட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது.

மழை இறங்குகிறது, ஓடையில் தண்ணீர் வருகிறது, விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. அப்போதும் பானையைத் தனியாகப் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் ஒரு சாண் விட்டு மண்ணை வெட்டி, பானை ஒரு மண் திண்டின்மேல் நிற்பதுபோல் ஆக்குங்கள். மருந்துக்கடையில் விற்கும் துணிக்கட்டை மேலிருந்து கீழாக, மண்ணோடு சேர்த்துச் சுற்றுங்கள். குழந்தையைத் துணியில் சுற்றுவது போல, இறுக்கமாக, ஆனால் நசுக்காமல். பிறகு ஒரு தகரத் தகட்டை அடியில் பக்கவாட்டில் செருகி, மண்ணும் பானையுமாக ஒரே கட்டியாகத் தூக்குங்கள். இரண்டு பேர் வேண்டும். மேல்பக்கம் எது, வடக்கு எது என்று துணியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்திருக்கின்றன

நகத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ பிரிக்க வேண்டாம். ஒட்டியிருப்பது துரு, அது ஒரு காசின் முகத்தையும் அடுத்த காசின் முதுகையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நெம்பினால் எது பலவீனமோ அது உரியும், உரிவது எப்போதும் எழுத்துள்ள பக்கமாக இருக்கிறது (இது விஞ்ஞானம் அல்ல, என் எரிச்சல்). கட்டியின் ஓரத்தைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டது போலத் தடம் தெரிந்தால், அது காசை முடிந்து வைத்த துணி. நூல் மட்கிப்போயிருக்கும், ஆனால் செம்பின் உப்பு அதன் உருவத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். பழைய காலத்து நெசவை எண்ணிப் பார்க்க முடிகிற அரிய இடம் அது. பிரஷ்கூடப் படக் கூடாது.

அறிகுறி: பச்சைக் காசில் வெளிர்நிறப் பொடி பூக்கிறது, துடைத்தால் மறுபடியும் வருகிறது

எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். முதலில் இரண்டு பச்சையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கரும்பச்சையாக, வழவழப்பாக, நகம் பட்டால் கீறாமல் இருப்பது நல்ல பச்சை, காசுக்குக் கவசம். அதன் நடுவே ஊசிமுனை அளவில், மூக்குப்பொடி போல உதிரும் வெளிறிய பச்சைப் புள்ளி வந்தால் அது வெண்கல நோய். நோய் என்று சொன்னாலும் கிருமி கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டாது. மண்ணிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, செம்போடு சேர்ந்து ஒரு மெழுகுப் படிவமாக அடியில் உட்கார்ந்திருக்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் தூங்கும். வெளியே வந்து, காற்றும் ஈரமும் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது கொஞ்சம் அமிலத்தை விடும். அந்த அமிலம் அடுத்த செம்பைத் தின்னும். வட்டிக்கு வட்டி போல.

குளோரைடு எங்கிருந்து வந்தது? நம் கிணற்று உப்புத் தண்ணீர் ஒரு காரணம். நாம் மூட்டை மூட்டையாகப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். நொய்யல் கரையில் சாயக்கழிவு உப்பு படிந்த மண்ணும் உண்டு. என்னைக் கேட்டால், கொங்கு மண்ணில் கிடக்கும் செம்புக்கு இப்போதைய சில பத்தாண்டுகள்தான் மோசமான காலம்.

செய்ய வேண்டியது: ஈரத்தை எடுத்துவிடுவது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை நின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுக்குள் அந்த அளவு வராது. ஆகவே இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா வேண்டும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். தீர்ந்ததும் அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். காசை ஜெல்லின் மேல் நேராகப் போடக்கூடாது. வெள்ளை டிஷ்யூ தாளில் பள்ளம் செய்து வையுங்கள். சிலர் அரிசிக்குள் போடச் சொல்கிறார்கள். அரிசிக்கு ஈரத்தை இழுக்கும் சக்தி குறைவு, தூசு அதிகம்.

தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஈரமாக, கறுப்பாக, நன்றாகத்தான் இருக்கும். நாள் போகப் போக எண்ணெய் சிக்குப் பிடிக்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பசபசவென்று ஒரு பச்சைச் சோப்பை உண்டாக்கும். குளோரைடு அடியில் அப்படியே இருக்கும். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் விளக்கும் பொடி, கோலா பானம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம்.

நிரந்தர வைத்தியம் வேதியியல் தெரிந்தவர்கள் கையில் நடக்க வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டதே அங்கிருந்த வெண்கலச் சிலைகளுக்கு இந்த நோய் வந்ததால்தான். சோழர் சிலைக்கே அந்தக் கதி என்றால், மஞ்சள் காட்டுக் காசு எம்மாத்திரம்?

அறிகுறி: இரும்புத் துண்டு அடுக்கடுக்காக உரிகிறது, மேலே தேன் நிறத் துளிகள்

துளியைத் தண்ணீர் என்று நினைத்துத் துடைக்காதீர்கள். அது இரும்புக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் அமிலத் துளி. கையில் பட்டால் கழுவுங்கள். காய்ந்தால் உள்ளே வெற்றிடமுள்ள ஆரஞ்சுக் கொப்புளமாக நிற்கும். இரும்பின் நோயும் செம்பின் நோயும் பங்காளிகள். ஆனால் இரும்பு பிடிவாதம் அதிகம். செம்புக்கு 42 போதும் என்றால் இரும்பு முழுவதும் அடங்க 15 சதவீதத்துக்கும் கீழே போக வேண்டும். அதனால் சிலிக்கா ஜெல்லை இரண்டு மடங்கு போட்டு, டப்பாவை அடிக்கடி திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கதை முதலிலிருந்து தொடங்கும். கம்பி பிரஷ், கிரைண்டர், துரு நீக்கும் திரவம் வேண்டாம். பட்டறைக்காரன் நான், எனக்கே கை அரிக்கும். பழைய இரும்பின் உண்மையான வடிவம் துருவுக்குள்ளே எக்ஸ்ரேயில்தான் தெரியும். சில நேரம் உள்ளே உலோகமே இருக்காது, துருதான் கத்தி.

கிணற்றடிச் சேற்றிலிருந்து ஈரமாக வந்த மரப்பிடியுள்ள இரும்பு என்றால் கதை வேறு. மரத்தைக் காயவிட்டால் அது சுருங்கிப் பிளந்துவிடும். அதை மட்டும் ஈரத்துணி சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, நிழலில் வைத்து, அன்றைக்கே ஆள் பாருங்கள்.

அறிகுறி: எடை இருக்கிறது, ஆனால் சாம்பல் பூத்து, விளிம்பு மொறுமொறுவென்று உடைகிறது

வெள்ளியாக இருக்கலாம். மண்ணில் கிடந்த வெள்ளி பளபளக்காது. சாம்பலும் ஊதாவும் கலந்த மெழுகு போல, அல்லது கலந்திருந்த செம்பு வெளியே கசிந்து பச்சையாகவே தோன்றும். உள்ளே நொய்ந்துபோயிருக்கும், வளைந்த காசை நிமிர்த்தப் பார்த்தால் அப்பளம் போல் ஒடியும். கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசில் 'மாக்கோதை' என்ற பெயர் தலை உருவத்தோடு இருக்கிறது. ஒரு காசு எவ்வளவு சின்னது, அதில் அந்த எழுத்து எவ்வளவு மெல்லியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் கொடுத்து மெருகு போடுவது, அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்த்து வெந்நீரில் போடுவது இரண்டும் அதற்கு ஆகாது. பையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

பொன் என்றால் துருவுக்குப் பயமில்லை. மென்மைக்குப் பயம். மண் துகளோடு விரலால் தேய்த்தாலே கீறல் விழும். மண்ணோடு அப்படியே டப்பாவில் வைத்து, வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கனமான சாம்பல் உலோகத்தில் வெள்ளை மாவு

ஈயம். மாவு நஞ்சு, ஊதாதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள், குழந்தைகள் பக்கம் வேண்டாம். மரப் பெட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் வைத்தால் அவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை இன்னும் அரிக்கும். தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டி அழகாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவே நல்லது.

அறிகுறி: காசின்மேல் கல் போல வெள்ளைப் படிவு

சுக்கான், அதாவது சுண்ணாம்புப் படிவு. நம் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்பாறை இருக்கும் இடங்களில் எல்லாப் பொருளிலும் இது ஒட்டும். தட்டி எடுத்தால் படிவோடு பச்சையும் சேர்ந்து பெயரும். விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பானை ஓடு கழுவிக் காய்ந்ததும் வெள்ளை உரோமம் முளைக்கிறது

உப்பு வெளியே வருகிறது. ஓட்டின் துளைக்குள் இருந்த உப்பு காயும்போது படிகமாகி, மேல்தோலைத் தள்ளி உரிக்கும். கறுப்பு சிவப்பு ஓட்டில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் மெருகு மேலே மெல்லியதாகத்தான் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் மறுபடி கழுவினால் உப்பைக் கூட்டுவதுதான். கொடுமணல் ஓடுகளில் பானை சுட்ட பிறகு கீறிய குறியீடுகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. அந்தக் கீறல் ஒரு நகக்கீறல் ஆழம். ஆகவே ஓட்டைத் தேய்த்துக் கழுவும் முன், வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் ஒட்டியிருக்கும் கரியையும் மண்ணையும் எடுக்க வேண்டாம். ஒரு கழுவல் வேண்டியே தீரும் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கொஞ்சம், மென்மையான பிரஷ், உடைந்த விளிம்பு மட்டும். பிறகு நிழலில் மெதுவாக. உடைந்ததைப் பசை போட்டு ஒட்டுவது உங்கள் வேலை அல்ல.

கண்ணாடி மணியில் மயில்கழுத்து நிறம் அடித்தால் அது அழகல்ல, உரியும் தோல்; ஈரமாக வந்திருந்தால் ஈரம் காயாமல் வையுங்கள். எலும்பும் சங்கும் வெயிலில் பிளக்கும். நிழல் போதும்.

அறிகுறி: ஏற்கெனவே தேய்த்துவிட்டேன்

இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தேய்த்ததை மறைக்க மறுபடி நிறம் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாணியில் புதைத்து வைத்தவர் ஒருவர். அதெல்லாம் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் போட்டிருந்தால் அமிலம் உள்ளே தங்கியிருக்கும். வடிநீரில் ஐந்தாறு முறை நீர் மாற்றி அலசி, வெள்ளைத் துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, ஜெல் டப்பாவில் போடுங்கள். எதைப் போட்டுத் தேய்த்தீர்கள், எத்தனை நேரம், எந்தக் காட்டில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். முகம் போன காசுக்கும் எடை இருக்கிறது, உலோகக் கலவை இருக்கிறது, கிடைத்த இடம் இருக்கிறது. கோவை, ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகங்களில் காட்டும்போது அந்தச் சீட்டை முதலில் நீட்டுங்கள்.

என் வாஷரின் சீட்டில் "புளி, கால் மணி நேரம், களத்து மேடு, ஒன்றரை அடி ஆழம்" என்று இருந்தது. அருங்காட்சியகத்தில் அதை வாங்கிப் படித்த அம்மணி சிரிக்கவில்லை. தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, "களத்துக்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.